முதலில் செல்லாக்காசாக்கு, பிறகு கிழி

என் தாத்தா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தெரிந்தவர்களுக்குக் கைமாற்றாகக் கொடுப்பார். தொகை பெரிதாக இருந்தால் மட்டும் புரோநோட்டு எழுதி வாங்குவார். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. பணம் திரும்பி வந்ததும் கடன் வாங்கியவரின் கண் முன்னாலேயே நோட்டை நாலாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். பணத்தைக் கட்டிவிட்டு நோட்டை வாங்காமல் போனவர் ஒருத்தர்கூட இல்லையாம். நோட்டு இன்னொருத்தர் பெட்டியில் இருக்கும்வரை கடன் உயிரோடு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இது எதற்கு என்கிறீர்களா? போன செமஸ்டரில் மினி ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்தபோது நான் ஒரு அசட்டு வேலை செய்தேன். க்ளவுடு கணக்கின் அணுகு சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, அதை அப்படியே கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் தவறு தெரிந்தது. பதறிப்போய் அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றினேன். அப்பாடா என்று உட்கார்ந்தால், பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "டேய், வரியை அழிச்சே சரி. சாவியை அழிச்சியா?"

கிட் என்பது பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பதற்காகவே உருவான கருவி. நான் அழித்த வரி முந்தைய பதிப்பில் அப்படியே இருந்தது. தாத்தா கிழித்தது ஒரே ஒரு காகிதம். நான் கிழித்ததோ ஜெராக்ஸ் எடுக்கப்பட்ட காகிதம்!

அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. சேமித்து வைத்த ஒரு ரகசியத்தை "அழித்துவிட்டேன்" என்று எப்போது தைரியமாகச் சொல்லலாம்? தேடிப்போனபோது, இந்தக் கேள்வியை நம் நாடே ஒருமுறை சந்தித்தது நினைவுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து, இந்தியாவில் கடைகளும் இணையதளங்களும் செயலிகளும் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருக்கக் கூடாது என்று ஆனது. ஏற்கெனவே வைத்திருந்ததையும் அழித்தாக வேண்டும். நம்மில் பலர் அதை "இந்த ஆப் ஏன் கார்டை மறுபடி சேமிக்கச் சொல்லுது?" என்ற எரிச்சலோடு கடந்துவிட்டோம். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எண் எப்படி ரகசியம் ஆனது?

கார்டு எண் பிறந்தபோது அது ரகசியமே இல்லை. கார்டின் முகத்தில் புடைத்த எழுத்தில் அச்சிட்டு, கடைக்காரர் கார்பன் தாளில் உருட்டிப் பதிவு எடுத்துக்கொள்வதற்காக வைத்த எண் அது. இணையத்தில் பொருள் வாங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த 16 இலக்கங்களுக்குச் சாவியின் வேலை வந்தது. கார்டு கையில் இல்லாமலேயே எண் தெரிந்தால் வாங்கலாம் என்றால், எண்ணே கார்டு ஆகிவிடுகிறது அல்லவா?

வணிகர்களுக்கு அந்த எண்ணை வைத்துக்கொள்வதில் ஆசை அதிகம். ஒருமுறை சேமித்துவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த முறை தட்டச்சு செய்ய வேண்டாம். தட்டச்சு செய்ய வேண்டாம் என்றால் பாதியில் ஓடிப்போக மாட்டார். மாதச் சந்தாவைத் தானாகப் பிடித்துக்கொள்ளலாம். இப்படி ஒரே எண் பத்துப் பதினைந்து நிறுவனங்களின் சர்வர்களில் உட்கார்ந்துகொண்டது. தாத்தாவின் புரோநோட்டு ஒரே பெட்டியில் இருந்தது. நம் கார்டு எண் எத்தனை பெட்டிகளில் இருந்தது என்று நமக்கே தெரியாது.

இதன் ஆபத்தை உலகம் பெரிய அளவில் பார்த்தது அமெரிக்காவில். டி.ஜே.எக்ஸ் என்ற கடைச் சங்கிலியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்து நீண்ட காலம் உள்ளேயே இருந்தார்கள். 2007 ஜனவரியில் செய்தி வெளியே வந்தது. பிறகு வெளியான கணக்கின்படி திருடு போனவை 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள். அவற்றில் பல சில வருடங்களுக்கு முன்பு நடந்த விற்பனைகளைச் சேர்ந்தவை! அந்த எண்களால் கடைக்கு எந்த வேலையும் மிச்சம் இல்லை. கனடாவின் தனியுரிமை ஆணையர் விசாரித்துவிட்டுச் சொன்னதன் சாரம் இதுதான்: தேவைக்கு மேல் வாங்கினார்கள், தேவைக்கு மேல் நாளாக வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் கார்டு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 2004 டிசம்பரிலேயே பி.சி.ஐ என்ற பாதுகாப்பு விதிமுறையை வெளியிட்டிருந்தன. கார்டின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க சி.வி.வி எண்ணைப் பரிவர்த்தனை அனுமதி கிடைத்த பிறகு சேமிக்கவே கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று.

இந்தியாவில் நமக்கு ஒரு கூடுதல் பூட்டு இருந்தது. இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் எண்ணோடு இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. இன்று நாம் ஓடிபி என்று அலுத்துக்கொள்வது அதன் வழிவந்ததுதான். ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கிடையாது. அங்கே கார்டில் அச்சிட்ட விவரங்களே போதும்.

2016: ஒரே மாதத்தில் இரண்டு பாடம்

2016 அக்டோபர் மூன்றாம் வாரம். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. நாடு முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் களவு போயிருக்கலாம் என்று செய்தி வந்தது. ஏடிஎம்களையும் கார்டு இயந்திரங்களையும் இணைத்து நடத்திய ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் அமைப்புக்குள் தீநிரல் புகுந்திருந்தது. அது மே 21 முதல் ஜூலை 11 வரை உள்ளே இருந்ததாகப் பிறகு நடந்த தணிக்கை சொன்னது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி, புதிது கொடுத்தது. தேசிய கொடுப்பனவுக் கழகம் கொடுத்த கணக்கின்படி, 19 வங்கிகளின் 641 வாடிக்கையாளர்களிடமிருந்து மொத்தம் 1.3 கோடி ரூபாய் போயிருந்தது. 32 லட்சம் கார்டுகள் ஆபத்தில் இருந்தும் இழப்பு இவ்வளவோடு நின்றதற்கு, கார்டுகளை முடக்கியதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

என் அப்பாவின் கார்டும் முடங்கியது. பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு மூன்று முறை தேய்த்துப் பார்த்தார். நான் அப்போது பின் சீட்டில் இருந்த பள்ளிக்கூடப் பையன். "கார்டு நம்மகிட்டதானேப்பா இருக்கு, அப்புறம் எப்படித் திருடு போச்சு?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை.

இதில் வங்கிகள் என்ன செய்தன என்று கவனியுங்கள். திருடர்களிடம் போன எண்களை வங்கிகளால் அழிக்க முடியாது. அவர்கள் கணினிக்குள் போய் யாரால் அழிக்க முடியும்? வங்கிகள் செய்தது வேறு. அந்த எண்களைச் செல்லாதவை ஆக்கின. திருடனிடம் எண் இருக்கிறது, ஆனால் அது வெறும் எண்.

இதையே மூன்று வாரத்துக்குள், வேறொரு காரணத்துக்காக, நாடே பார்த்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்த முடிவு சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அதன் வரிசையை மட்டும் பாருங்கள். புழக்கத்தில் இருந்தது 15.41 லட்சம் கோடி ரூபாய். ஒரு நோட்டைக்கூடக் கையில் வாங்காமல் ஒரே இரவில் எல்லாவற்றின் மதிப்பும் போனது. திரும்பி வந்த 15.31 லட்சம் கோடியை எண்ணி முடித்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது 2018 ஆகஸ்டில். எண்ணிய நோட்டுகளை இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கிக் கட்டிகளாக அழுத்தினார்கள். முதலில் செல்லாக்காசு, பிறகுதான் கிழிப்பு. வரிசையை மாற்றி, ஒவ்வொரு நோட்டாகப் பிடித்துக் கிழித்து முடித்த பிறகு செல்லாது என்று அறிவிப்பது நடக்கிற காரியமா?

ஜெராக்ஸ் எடுக்க முடியாத பொருளைக் கிழித்தால் போதும். நகல் எடுக்கக்கூடிய ரகசியத்தை முதலில் செல்லாதது ஆக்க வேண்டும். என் நண்பன் கேட்ட கேள்வியின் அர்த்தம் இதுதான்.

2018: எண்களுக்கு வீடு தேடிய வருடம்

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்க வேண்டும், ஆறு மாதம் அவகாசம், அக்டோபர் 15 கடைசி நாள். நாட்டில் தரவு மையங்கள் பெருகியதற்கான காரணங்களில் இந்த உத்தரவும் ஒன்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது கண்ணால் பார்த்த மாற்றம். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பேர்போன இடம். இன்று அதே எஸ்டேட் தெருக்களில் ஜன்னலே இல்லாத பெரிய கட்டடங்களாகத் தரவு மையங்கள் நிற்கின்றன. தாத்தா வேலை பார்த்த காலத்தில் கேட்ட இயந்திரச் சத்தத்துக்குப் பதிலாக, இப்போது ஏ.சி.யும் ஜெனரேட்டரும் உறுமும் சத்தம். உள்ளே யாருடைய எந்தத் தகவல் இருக்கிறது என்று வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது.

ஆக 2018-ல் கேட்ட கேள்வி: ரகசியத்தை எங்கே வைப்பது? அடுத்து எழுந்த கேள்வி அதைவிட நல்ல கேள்வி: எதற்காக வைக்க வேண்டும்?

2020: அழிக்க மறந்த ஒரு சாவி

2020 மார்ச் 17 அன்று பணப் பரிமாற்ற இடைத்தரகு நிறுவனங்களுக்கான விதிமுறையை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு விவரத்தைத் தங்கள் தளத்தில் சேமிக்கக் கூடாது என்ற கருத்து அதிலேயே வந்துவிட்டது.

அதே வருடம் ஆகஸ்ட் 18 அன்று பெங்களூருவைச் சேர்ந்த ஜஸ்பே என்ற நிறுவனத்தின் சர்வரில் அத்துமீறல் நடந்தது. பெரிய பெரிய ஷாப்பிங் தளங்களுக்குப் பின்னால் நின்று கார்டுப் பரிவர்த்தனையை நடத்திக் கொடுக்கும் நிறுவனம் அது. 2021 ஜனவரியில் அந்தத் தகவல் இணையத்தின் இருட்டுச் சந்தையில் விலைக்கு வந்த பிறகுதான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. சுமார் 3.5 கோடி பதிவுகளில் கார்டு எண்ணின் நடுப்பகுதி மறைக்கப்பட்ட வடிவம் வெளியே போயிருந்தது. முழு எண்கள் தனியாக வேறொரு பெட்டகத்தில் இருந்ததால் தப்பின என்று நிறுவனம் சொன்னது.

திருடன் எப்படி உள்ளே வந்தான் என்பதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். நிறுவனம் தந்த விளக்கத்தின்படி, அமேசான் க்ளவுடின் பழைய அணுகு சாவி ஒன்று மாற்றப்படாமல் அப்படியே இருந்திருக்கிறது. அந்தச் சாவியைக் கொண்டுதான் நுழைந்தார்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துபோன பிறகும் பூட்டை மாற்றாமல் விட்ட வீடு மாதிரிதான்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு ரகசியங்கள் இருக்கின்றன. ஒன்று வாடிக்கையாளரின் கார்டு எண். இன்னொன்று அந்த எண்களைக் காக்கும் சர்வரின் சாவி. முதலாவதைத் தனிப் பெட்டகத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். இரண்டாவதைச் செல்லாதது ஆக்க மறந்தார்கள். மூன்றரைக் கோடி பதிவுகளுக்கு அந்த ஒரு மறதி போதுமானதாக இருந்தது.

2021-22: அழிக்கச் சொன்ன உத்தரவு, இரண்டு முறை தள்ளிப்போன தேதி

2021 செப்டம்பர் 7. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை தெளிவாகவே சொன்னது. 2022 ஜனவரி 1 முதல், கார்டு வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலைப்பின்னல்களும் தவிர வேறு யாரும் உண்மையான கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. முன்பு சேமித்ததையும் நீக்கிவிட வேண்டும். கணக்குச் சரிபார்க்க வேண்டுமானால் கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு கார்டு வலைப்பின்னல்களுடையது.

எண்ணுக்குப் பதிலாக என்ன? அதுதான் டோக்கன். 2019 ஜனவரி 8 அன்றே ரிசர்வ் வங்கி மொபைலுக்கும் டேப்லெட்டுக்கும் டோக்கனை அனுமதித்திருந்தது. இப்போது அதை இணையக் கடைகளில் சேமித்த கார்டுகளுக்கும் விரித்தார்கள். டோக்கன் என்பது கார்டு எண்ணுக்குப் பதிலாக நிற்கும் வேறொரு எண். ஒரு கார்டு, ஒரு கடை, அந்தச் சேவையைக் கேட்ட நிறுவனம் என்ற சேர்க்கைக்கு ஒரு தனி டோக்கன். மளிகைச் செயலியிடம் இருக்கும் டோக்கனைத் திருடிக்கொண்டு போய் சினிமா டிக்கெட் வாங்க முடியாது. அந்த மளிகைச் செயலியை விட்டு விலக வேண்டுமா, அந்த ஒரு டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம். கார்டும் மற்ற டோக்கன்களும் அப்படியே வேலை செய்யும். உங்கள் சம்மதமும் ஓடிபியும் இல்லாமல் புது டோக்கன் உருவாக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் தேதி நெருங்க நெருங்கக் கூச்சல் கிளம்பியது. பணம் திருப்பிக் கொடுப்பது எப்படி? மாதத் தவணை? சந்தா? தள்ளுபடிச் சலுகை? இவை எல்லாமே பழைய எண்ணை நம்பி நின்றன. எண்ணை அழித்தால் எது எது விழும் என்று பல நிறுவனங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை. 2021 டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தள்ளிவைத்தது. 2022 ஜூன் 24 அன்று இன்னும் மூன்று மாதம். அந்த ஜூன் அறிவிப்பிலேயே காரணமும் இருந்தது. அதுவரை சுமார் 19.5 கோடி டோக்கன்கள் உருவாகியிருந்தன, ஆனால் அவற்றைக் கொண்டு நடக்கும் பரிவர்த்தனை எல்லா வகைக் கடைகளிலும் இன்னும் வேகம் பிடிக்கவில்லை. கார்டைச் சேமிக்காமல் விருந்தாளி மாதிரி வந்து ஒருமுறை மட்டும் வாங்கிப் போகிறவர்களுக்கான ஏற்பாடும் தயாராகவில்லை.

"ரிசர்வ் வங்கி பணிந்துவிட்டது" என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுச் சாவி வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்காமல் பழைய சாவியைக் கிணற்றில் போடுகிறவனைத் தைரியசாலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஜூலை 28 அன்று இன்னொரு நடைமுறைச் சலுகையும் வந்தது. விருந்தாளிப் பரிவர்த்தனைக்கு எண்ணை அதிகபட்சம் நான்கு நாள், அல்லது கணக்கு முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை வைத்திருக்கலாம். வணிகருக்கான வங்கிகளுக்கு 2023 ஜனவரி 31 வரை அனுமதி. ஒரு தேதி போட்டு எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டாமல், எந்த வேலைக்கு எத்தனை நாள் தேவையோ அத்தனை நாள் என்று பிரித்தார்கள்.

கடைசியில் 2022 செப்டம்பர் 30-ஓடு அவகாசம் முடிந்தது. அதற்குள் டோக்கன்கள் சுமார் 35 கோடி ஆகியிருந்தன. ஒரு வருடம் கழித்து, 2023 அக்டோபரில், 56 கோடியைத் தாண்டிவிட்டதாக ரிசர்வ் வங்கி சொன்னது.

நமக்கு இதில் என்ன பாடம்?

கம்ப்யூட்டர் படிக்கும் நண்பர்களுக்காக இந்தப் பகுதி. மற்றவர்களும் படிக்கலாம், கஷ்டமாக இருக்காது :-)

கடவுச்சொல், அணுகு சாவி போன்றவற்றை நிரலுக்குள் எழுதாமல் தனியாக ஒரு பெட்டக மென்பொருளில் வைப்பது இன்று வழக்கம். ஹாஷிகார்ப் நிறுவனத்தின் வால்ட் 2015-ல் வந்தது. அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜர் 2018-ல் வந்தது. கார்டு எண்ணுக்கு டோக்கன் பெட்டகம் எப்படியோ, கடவுச்சொல்லுக்கு இவை அப்படி.

இவற்றில் "அழி" என்று சொன்னால் என்ன நடக்கும்? வால்டில் பதிப்புகளை வைத்திருக்கும் வகையில், சாதாரணமாக அழித்தால் மறைத்துத்தான் வைக்கும், மீட்டுக்கொள்ளலாம். நிர்மூலமாக்கும் கட்டளை தனியாக இருக்கிறது, அதைக் கொடுத்தால்தான் அந்தப் பதிப்பு திரும்பாது. எல்லாப் பதிப்புகளையும் அவற்றின் குறிப்புகளையும் சேர்த்து நீக்க மூன்றாவதாக ஒரு கட்டளை. அமேசானில் அழிக்கச் சொன்னால் வழக்கமாகக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 30 நாள் காத்திருக்கும். யாரோ ஒருவரின் நள்ளிரவு நிரல் அந்தக் கடவுச்சொல்லைத் தேடி வந்து விழுந்தால், அந்த அவகாசத்துக்குள் தெரிந்துவிடும், மீட்டுவிடலாம். தேதி தள்ளிப்போனதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

ஆனால் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. பெட்டகத்திலிருந்து கடவுச்சொல்லை நீக்கினால், அந்தக் கடவுச்சொல் செல்லாததாகி விடாது! டேட்டாபேஸ் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளும். உங்கள் டைரியிலிருந்து சாவியின் படத்தைக் கிழித்தால் பூட்டு மாறிவிடுமா? அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, யார் யார் அந்த ரகசியத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெட்டகத்தின் தணிக்கைப் பதிவும், க்ளவுடில் சாவி கடைசியாக எப்போது பயன்பட்டது என்ற தகவலும் இதற்கு உதவும்.

இரண்டாவது, புதியதை உருவாக்கி எல்லோரையும் அதற்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பழையதைச் செல்லாததாக்க வேண்டும். அமேசான் அணுகு சாவியை முதலில் செயலிழக்க வைக்கலாம், அவசரமென்றால் திரும்ப எழுப்பலாம்.

நான்காவது, சில நாள் காத்திருக்க வேண்டும். யாரும் அலறவில்லை என்றால் நிர்மூலம்.

ஐந்தாவது, நகல்களை மறக்கக் கூடாது. பேக்கப், லாக் கோப்பு, சோதனைக்காக எடுத்த டேட்டாபேஸ், வாட்ஸப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாமே நகல்தான்.

ரகசியம் ஏற்கெனவே வெளியே கசிந்துவிட்டது என்றால் மட்டும் இந்த வரிசை மாறும். அப்போது மூன்றாவதுதான் முதலாவது. எது விழுந்தாலும் பிறகு எடுத்து நிறுத்திக்கொள்ளலாம்.

பேக்கப் டேப்புகளில் ஒரு குறிப்பிட்ட பதிவை மட்டும் தேடி அழிப்பது பெரும்பாடு. அதற்கு ஒரு வழி, தகவலை ஆரம்பத்திலேயே மறையாக்கம் செய்து வைத்துவிட்டு, வேண்டாதபோது அதைத் திறக்கும் சாவியை மட்டும் நிர்மூலமாக்குவது. நகல் எத்தனை இருந்தாலும் அத்தனையும் ஒரே நொடியில் செல்லாக்காசு. நவம்பர் 8 இரவு மாதிரி :-)

முழு வெற்றியா?

இல்லை என்றுதான் சொல்வேன். இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, 2022-ல் கடைகள் எண்களை அழித்தன, ஆனால் எண்கள் செல்லாதவை ஆகவில்லை. கார்டு அதேதான். 2016 மாதிரி எல்லோருக்கும் புதுக் கார்டு கொடுக்கவில்லை, அது நடைமுறையில் சாத்தியமும் இல்லை. அதனால் ஏதோ ஒரு நிறுவனத்தின் பழைய லாக் கோப்பில் அழிக்க மறந்த நகல் ஒன்று இருந்தால், கார்டு காலாவதி ஆகும்வரை அது உயிரோடு இருக்கும். கார்டின் முன்பக்கம் அச்சிட்ட மாதமும் வருடமும்தான் உண்மையில் அதற்கான கடைசி நாள். புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, எண்கள் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து போய், வங்கிகளிடமும் சில வலைப்பின்னல்களிடமும் குவிந்தன. காவல் காக்கச் சில கதவுகள் மட்டுமே என்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கதவுகள் பழுதானால் எல்லோருக்கும் பழுது. டோக்கன் தயார் செய்யும் செலவும் வேலையும் சின்னக் கடைகளுக்குப் பெரிய நிறுவனங்களைவிடக் கனமாகவே இருந்திருக்கும்.

இருந்தாலும், பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு கடையிடம் நாம் கொடுத்தது, எல்லா வீட்டையும் திறக்கும் ஒரே சாவி. இப்போது கொடுப்பது, அந்த ஒரு கதவை மட்டும் திறக்கும் சாவி. வேண்டாம் என்றால் அந்த ஒன்றை மட்டும் செல்லாததாக்கலாம். அழிப்பதை எளிதாக்க வேண்டுமென்றால், கொடுக்கும்போதே அழிக்கக்கூடிய மாதிரி கொடுக்க வேண்டும் என்பதை இந்த வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். வால்டிலும் இதே யோசனை உண்டு. டேட்டாபேஸுக்கு நிரந்தரக் கடவுச்சொல் வைக்காமல், கேட்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மட்டும் புதுப் பயனரை உருவாக்கிக் கொடுத்து, நேரம் முடிந்ததும் அந்தப் பயனரையே நீக்கிவிடச் செய்யலாம்.

என் கதையை முடிக்கவில்லையே. நண்பன் கேட்டதும் க்ளவுடு கணக்கைத் திறந்து அந்தச் சாவியைச் செயலிழக்க வைத்தேன். அது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று பார்த்தேன். நல்லவேளை, நான் பயன்படுத்தியதுதான் கடைசி. புதுச் சாவி எடுத்து நிரலுக்கு வெளியே வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பழையதை நீக்கினேன். கிட்ஹப்பில் அந்தப் பழைய பதிப்பை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாவி அங்கேயே கிடக்கிறது. அதற்குரிய பூட்டுதான் இல்லை.

தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்களும் நோட்டைத் தொலைச்சிட்டா சும்மா விட மாட்டோம்டா. பணம் வந்து சேர்ந்துச்சு, நோட்டு எப்போ கெடைச்சாலும் செல்லாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்" என்றார்.

நான் ஒரு செமஸ்டர் முழுக்கத் தேடியது அவர் பெட்டியிலேயே இருந்திருக்கிறது!